பெங்குயின் மேல் விழுந்த பழி

அழுதுகொண்டு வரும் கட்சிக்காரர்களை அண்ணிக்குப் பிடிக்கும். எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறவர்களைத்தான் பிடிக்கும். அன்று காலை வந்த பெண் என் ரகம். கதவைத் தட்டவில்லை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“எங்க வீட்டுக்காரர் மேல அநியாயமா பழி போட்டிருக்காங்க. யாருன்னு தெரியணும். தெரிஞ்சதும் அவங்க நல்லா இருக்கக் கூடாது. ரெண்டையும் முடிச்சுக் குடுப்பீங்களா?”

“முதல் வேலைக்கு நான். ரெண்டாவதுக்கு இவ இருக்கா,” என்று அண்ணி என்னைக் காட்டினாள்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். அங்கே மேலதிகாரியே பெரிய பொய்யனாக இருந்ததால் அதை உதறிவிட்டு, மாடியில் இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தாள். நான் அவளுக்கு உதவியாளர், ஸ்கூட்டர் ஓட்டி, நாத்தனார். மூன்றிலும் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

வந்தவளின் கணவர் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் டெக்னீஷியன். லினக்ஸ் என்றால் உயிர். லினக்ஸுக்குச் சின்னம் பெங்குயின் என்பதால் அவருக்கும் அதே பட்டப்பெயர்.

“லினக்ஸ்னா என்னம்மா?” என்றாள் அண்ணி. தெரிந்தே கேட்பாள். கட்சிக்காரர் எவ்வளவு நிதானத்தில் இருக்கிறார் என்று பார்க்கும் வழி அது.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து அதைத்தானே கேட்டுட்டிருக்கேன்! விண்டோஸ் இருக்குல்ல, அதுக்குப் பதிலா போடறது. ஒரு பென் டிரைவ்ல இருந்து ஏத்துவாங்க. ஏத்தும்போதே அது கேக்கும், பழசையெல்லாம் அழிச்சிடவா, இல்ல பழசை வெச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்துக்கவான்னு. அழிச்சிடுன்னு அமுக்கினா, இருந்த ஃபைல் எல்லாம் போச்சு.”

போனது ஒரு பேராசிரியருடைய ஆராய்ச்சி. அந்த வாரம் துறை முழுக்க லினக்ஸ் போடப்போவதாகப் பெங்குயின் அறிவிப்பு ஒட்டியிருந்தார். திங்கட்கிழமை காலையில் ஆராய்ச்சி அறைக் கம்ப்யூட்டரைத் திறந்தால் அதில் லினக்ஸ் இருந்தது. வருஷக்கணக்காகச் சேர்த்த பதிவுகள் எதுவும் இல்லை. பேராசிரியர் புகார் கொடுக்க, பெங்குயினை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். இன்று சாயங்காலம் விசாரணை. அதில் குற்றம் என்று முடிவானால் வேலை போய்விடும்.

“அந்த ரூமுக்கு அவரு போகவே இல்லைங்க. அவரு லினக்ஸ் போட்டா பெட்டி மூலையில ஒரு பெங்குயின் ஸ்டிக்கர் ஒட்டுவாரு. இதுல இல்ல. சொன்னா, மறந்திருப்பான்னு சொல்றாங்க. எங்க கல்யாண நாளை மறப்பாருங்க. ஸ்டிக்கரை மறக்க மாட்டாரு!”

அண்ணி ஹெல்மெட்டை எடுத்தாள்.

ஆராய்ச்சி அறை முழுக்க மோட்டாரும் பம்பும் ஸ்டாண்டில் நிற்கும் மைக்குகளுமாக இருந்தது. நடுவில் பேராசிரியர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்மா, அந்த ஃபேனைப் போடு. அப்படியே தண்ணி கொண்டு வா.”

ஃபேனைப் போட்டேன். தண்ணி கொண்டுவரவில்லை. குற்றவாளி இவர்தான் என்று அந்த நிமிஷமே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஆதாரத்தை அண்ணி தேடிக்கொள்ளட்டும்.

“என் வாழ்நாள் உழைப்பு மேடம்!” பேராசிரியர் அண்ணியிடம் திரும்பினார். “ஓடற மெஷினோட சத்தத்தைக் கேட்டே, அது எப்ப படுக்கும்னு சொல்லிடலாம். நான் கண்டுபிடிச்ச முறை. அதுக்காக எடுத்த பதிவெல்லாம் இதுலதான் இருந்துச்சு. நாளைக்குப் பெரிய தொழிற்சாலைக்காரங்க வர்றாங்க. எதைப் போட்டுக் காட்டுவேன்? அந்தப் பெங்குயினை சும்மா விடமாட்டேன். எங்க போனாலும் வேலை கிடைக்காம பண்ணிடுவேன்!”

அப்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். குடையை மூலையில் எறிந்தாள். டிபன் பாக்ஸை மேஜைமேல் ணங்கென்று வைத்தாள். நாற்காலியைக் காலால் இழுத்தாள். தோள்பையை மட்டும் இரண்டு கையாலும் இறக்கி, மேஜைமேல் பதமாக வைத்தாள். உள்ளே முட்டை இருக்கிறது போல என்று நினைத்தேன்.

“இவ என்கிட்ட ஆராய்ச்சி பண்ற பொண்ணு. மைக் பிடிக்க, வயர் இழுக்க ஒத்தாசையா இருந்தா,” என்றார் பேராசிரியர். அந்தப் பெண் அவரைப் பார்த்த பார்வைக்கு, அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பேன்.

“முதல்ல பார்த்தது யாரு?” என்றாள் அண்ணி.

“நான்தான் மேடம்,” என்றாள் அந்தப் பெண். “ திங்கக்கிழமை காலையில ஆன் பண்ணேன். லினக்ஸ் வந்துச்சு.”

“வேற காப்பி இல்லையா?”

“காப்பியே எடுக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லிட்டேன்,” பேராசிரியர் குறுக்கே விழுந்தார். “இந்தக் காலத்துப் பசங்களை நம்ப முடியுமா? தூக்கிட்டுப் போயிடுவாங்க.”

மாணவி ஒரு தாளை எடுத்துப் பேனாவால் எழுத ஆரம்பித்தாள்.

“என்னம்மா, இந்தக் காலத்துப் பொண்ணு, கையால எழுதறே?” என்றேன்.

“லாப்டாப் ரிப்பேர்ல இருக்கு.”

அண்ணி கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். மேஜைக்குக் கீழே இருந்த பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கண் மூடித் திறப்பதற்குள் லினக்ஸ் வந்து நின்றது. ஸ்டிக்கர் இல்லை, வாஸ்தவம்தான்.

“இந்தப் பாழாப்போன லினக்ஸால நடந்த ஒரே நல்லது என்ன தெரியுமா?” என்றார் பேராசிரியர். “முன்னாடி இந்தப் பெட்டி கரகரன்னு உயிரை வாங்கும். மாவு மில்லுல உக்காந்த மாதிரி இருக்கும். லினக்ஸ் போட்டாங்க, சத்தம் கப்புனு நின்னுடுச்சு!”

“லினக்ஸ் போட்டதாலயா சார்?”

“பின்னே? மென்பொருள் லேசா இருந்தா மெஷினும் அமைதியா ஓடும். அறிவியல் மேடம்!”

மாணவியின் பேனா நின்றது. அண்ணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். தேடி வந்தது கிடைத்துவிட்டால் அவள் செய்கிற வேலை அது. எனக்கோ ஒன்றும் புரியவில்லை. எரிச்சலாக வந்தது.

சஸ்பெண்ட் ஆனவரைத் துறைக்குள் விடமாட்டார்கள். பெங்குயின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கட்டடத்தையே எரித்துவிடுவது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தம்பி, ஒரே ஒரு கேள்வி,” என்றாள் அண்ணி. “லினக்ஸ் போட்டா கம்ப்யூட்டர் சத்தம் போடறது நிக்குமா?”

பெங்குயினுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. “டிரைவரை மாத்தினா பஸ்ஸு ஆடறது நிக்குமா மேடம்? வேகம் கூடலாம், அவ்வளவுதான். பெட்டிக்குள்ள சுத்தறது ரெண்டே பொருள். ஒண்ணு விசிறி. இன்னொண்ணு ஃபைலெல்லாம் சேர்த்து வெக்கற டிஸ்க், அதுவும் பழைய மாடலா இருந்தா. கரகரன்னா அது டிஸ்க்தான். அந்த ரூம் டிஸ்க்கு எனக்கே தெரியும், வராண்டா வரைக்கும் கேக்கும்.”

“இப்ப கேக்கல.”

சிரிப்பு போய்விட்டது. எழுந்து நின்றார். “அப்போ அது அந்த டிஸ்க்கே இல்ல. யாரோ கழட்டிட்டு, சத்தம் போடாத புது மாதிரி ஒண்ணை மாட்டி, அதுல லினக்ஸ் ஏத்தியிருக்காங்க. என் பென் டிரைவ் ஆபீஸ் டிராயர்ல கிடக்கும். யார் வேணா எடுக்கலாம்.”

“அப்போ எதுவும் அழியல?” அவர் மனைவி கத்தினாள்.

“அந்தக் கிழம்தான்!” நான் அவளைவிடப் பெரிதாகக் கத்தினேன். “தண்ணி கேட்டப்பவே தெரியும்! அவரே எடுத்து ஒளிச்சுவெச்சுட்டு ஊரைக் கூட்டறார். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை!”

“நாத்தனாரே, கொஞ்சம் மூச்சு விடு,” என்றாள் அண்ணி. “டிஸ்க்கை மாத்தினவருக்கு சத்தம் ஏன் நின்னுச்சுன்னு தெரியும். அதை நம்மகிட்டயே கூப்பிட்டுப் பெருமையா சொல்வாரா? அவருக்கு நிஜமாவே தெரியல. இன்னொண்ணு பாரு. அழிக்க நினைக்கறவங்க ஒரு பொத்தானை அமுக்கிட்டுப் போயிடலாம். ஸ்க்ரூவைக் கழட்டிப் பத்திரமா எடுத்துட்டுப் போறாங்கன்னா, உள்ளே இருக்கறது அவங்களுக்கு உயிர்.”

எனக்குக் கோபம் குறையவில்லை. தண்ணி கேட்ட பாவத்துக்கு அந்த ஆளை ஏதாவது ஒரு குற்றத்தில் மாட்டியே ஆகவேண்டும் என்று இருந்தது.

நாங்கள் திரும்பிப் போனபோது பேராசிரியர் சாப்பிடப் போயிருந்தார். மாணவி தனியாக இருந்தாள். மேஜைமேல் ஒரு சின்ன மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“இது எப்படிம்மா இருக்கு?”

மாணவி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “பின்பக்க பேரிங் தேஞ்சுடுச்சு. இந்த மாசம் தாண்டாது.”

“கேட்டே சொல்லிட்டியே!”

“அதானே மேடம் என் வேலை.”

“அப்போ உன் காலடியில இருக்கற பெட்டி ஊமையாப் போனதை மட்டும் ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?”

மாணவியின் கை மெதுவாகத் தோள்பைப் பக்கம் போனது. நான் முந்திக்கொண்டு பையைப் பிடித்துவிட்டேன்.

“ஐயோ, வேகமா இழுக்காதீங்க! அடிபட்டா போயிடும்!”

“முட்டையா?” என்றேன்.

அவளே பையைத் திறந்தாள். துண்டில் சுற்றிய கனமான பழைய டிஸ்க். நான்கு நாளாகத் தோளிலேயே தொங்கவிட்டுக்கொண்டு அலைந்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் இப்போது இருப்பது அவளுடைய லாப்டாப்பிலிருந்து கழற்றிய டிஸ்க். லாப்டாப் ரிப்பேருக்கெல்லாம் போகவில்லை. வயிறு காலியாக வீட்டில் கிடந்தது.

“எல்லாமே நான் எடுத்தது மேடம்,” என்றாள். “மில்லு மில்லா, பம்ப் ஹவுஸ் பம்ப் ஹவுஸா, எண்ணெயில புரண்டு எடுத்தேன். அவரு ஒரு இடத்துக்கும் வந்ததில்ல. போன வாரம் கூப்பிட்டு, கட்டுரையில அவர் பேர் மட்டும்தான் வரும், என் பேரைக் கடைசியில நன்றின்னு போடறேன்னார். நன்றியாம்! அன்னிக்கு முடிவு பண்ணேன். நாளைக்கு மேடையில ஏறி, அத்தனை பேர் முன்னாடி, போட்டுக் காட்ட ஒண்ணுமில்லாம அவரு முழிக்கணும். வியர்க்கணும். அதை நான் முதல் வரிசையில உக்காந்து பார்க்கணும்.”

நான் அவளைக் கட்டிப்பிடித்திருப்பேன். அண்ணி விடவில்லை.

“பெங்குயினை எதுக்கும்மா இழுத்தே?”

“இழுக்கல மேடம்! எல்லாப் பெட்டியிலயும் லினக்ஸ் வர்ற வாரம், இதுலயும் வந்தா கைத்தவறுன்னு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். அண்ணனை சஸ்பெண்ட் பண்ணுவாங்கன்னு கனவுலயும் நினைக்கல.”

“பண்ணினப்புறம்?”

அவள் தலை குனிந்தது.

“நாளைக்கு ஒரு நாள் முடியட்டும், அப்புறம் சொல்லிடலாம்னு...”

“அவரு வேலை இன்னிக்கு சாயங்காலம் போகுது. உன் கூத்து நாளைக்கு,” என்றாள் அண்ணி. “பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க? அவர் பொண்டாட்டி கீழே வெயில்ல நிக்கறா.”

எனக்கும் அவள்மேல் கோபம் வந்தது. அந்த டெக்னீஷியன் இவள் வாயார அண்ணன் என்று கூப்பிடுகிறவர். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவள் திட்டம் எனக்குப் பிடித்திருந்தது.

அண்ணி டிஸ்க்கைக் கையில் வாங்கினாள். “இத்தனை சத்தம் இருக்கே. எது எந்த மெஷின்னு எப்படித் தெரியும்?”

“ஒவ்வொரு பதிவு ஆரம்பத்துலயும் நானே மைக்குல சொல்லிடுவேன். எந்த மெஷின், எந்த இடம்னு.”

“உன் குரல்லயா? சாருக்கு அது தெரியுமா?”

“அவரு முழுப் பதிவைக் கேட்டதே இல்ல. காட்டறதுக்கு வேணுங்கறதை வெட்டிக் குடுக்கறதும் நான்தான்.”

அண்ணி மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தாள். “கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கியே, பொண்ணே! எதை அவர்கிட்டேருந்து ஒளிச்சியோ, அதைத்தான் நீ ஊருக்குப் போட்டுக் காட்டியிருக்கணும். சரி, சாரோட குரல் எங்கயாவது விழுந்திருக்கா?”

மாணவி யோசித்தாள். பிறகு சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

“ஒண்ணுல விழுந்திருக்கு மேடம்.”

விசாரணை அறையில் பல்கலைக்கழகப் பதிவாளர் நடுவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் குழு உறுப்பினர்கள். எதிரே தனியாக ஒரு நாற்காலியில் பெங்குயின், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி. மாணவி சுவரோரம் நின்றாள். பெங்குயினின் மனைவியை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். என் கட்சிக்காரி வருவாள் என்று அண்ணி ஒரு முறைதான் சொன்னாள். விட்டுவிட்டார்கள்.

“பதிவுகள் அழியல. டிஸ்க் இதோ இருக்கு,” என்று அண்ணி மேஜைமேல் வைத்தாள்.

பேராசிரியர் துள்ளி எழுந்தார். “கிடைச்சுடுச்சா! என் உழைப்பு! என் உயிர்!” கை நீண்டது.

“இதுல இருக்கறது உங்களோடதுதானே சார்? சந்தேகமில்லையே?”

“என்ன கேள்வி இது? ஒவ்வொரு பதிவும் நானே நேர்ல போய் எடுத்தது!”

“ஐயா, இதை எழுதிக்குங்க,” என்றாள் அண்ணி பதிவாளரிடம். “சார் பெரிய மனுஷர். ஒரு தடவை சொன்னா மாத்த மாட்டார்.”

பெங்குயின் எழுந்துபோய் அந்த அறைக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கை ஒரு கேபிளால் இணைத்தார். டிஸ்க் கரகரவென்று சுற்ற ஆரம்பித்தது. முதல் பதிவைப் போட்டார். மாணவியின் குரல் தெளிவாக வந்தது. ‘நூல் மில், கிழக்கு ஓரம், ரெண்டாவது மெஷின்.’ பிறகு மெஷின் சத்தம். அடுத்த பதிவு, அதே குரல். அதற்கடுத்தது, அதே குரல்.

“நான் சொல்லச் சொன்னதைத்தான் அவ சொல்றா!” என்றார் பேராசிரியர். “நான் பக்கத்துலதான் நின்னேன்!”

“நின்னீங்க சார், ஒரு தடவை. தம்பி, அதைப் போடுங்க.”

ஆராய்ச்சி அறைப் பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. நடுவே ஒரு கதவு திறந்தது. பேராசிரியரின் குரல் கணீரென்று வந்தது.

‘இன்னுமா இந்த டர்ரு புர்ரு சத்தத்தைக் கட்டிக்கிட்டு அழுதுட்டிருக்கே? பைத்தியக்கார வேலை! இதுல ஒண்ணும் தேறாதுன்னு எத்தனை தடவை சொல்றது? என்னவோ எழுதிக் குடு, கையெழுத்துப் போட்டுத் தொலைக்கறேன். படிக்கல்லாம் எனக்கு நேரமில்ல. அதை விடு, எங்க வீட்டு வாஷிங் மெஷின் கடகடங்குது. வந்து பாரு.’

‘அடியில காசு மாட்டியிருக்கும் சார்,’ என்றது மாணவியின் குரல். கதவு சாத்தியது. பம்ப் தன்பாட்டுக்கு ஓடியது.

நுணலும் தன் வாயால் கெடும் என்று படித்திருக்கிறேன். நேரில் பார்த்தது அன்றுதான். பேராசிரியர் கைக்குட்டையைத் தேடினார். கிடைக்கவில்லை. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பதிவாளர் பெங்குயினைப் பார்த்தார். “நீங்க நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க. உத்தரவு இப்பவே போடறேன். ஆனா டிஸ்க்கை மாத்தினது யாருன்னு தெரியணுமே?”

அண்ணி பதில் சொல்வதற்கு முன்பே மாணவி முன்னால் வந்தாள். “நான்தான் சார். அண்ணன் மேல பழி விழுந்தப்பவும் வாயைத் திறக்கல. அதுவும் நான்தான்.”

பேராசிரியருக்கு உயிர் திரும்பி வந்தது. “பாத்தீங்களா! திருடி! இவ ஆராய்ச்சியை ரத்து பண்ணுங்க! போலீஸைக் கூப்பிடுங்க! இன்னிக்கே இவளை வெளியில துரத்தணும்!”

பெங்குயினின் மனைவி எழுந்தாள். நேராக நடந்து போய் மாணவியின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அறை முழுக்கக் கேட்டது. மாணவி கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. பதிவாளர் வாயைத் திறந்தவர் அப்படியே இருந்தார்.

பிறகு அவள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, மாணவியின் தோளைப் பிடித்து அதில் உட்காரவைத்தாள். இன்னொரு நாற்காலியை ஒட்டிப்போட்டு, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

“இவ எங்களுக்குப் பண்ணினதுக்கு நான் குடுத்துட்டேன். அதோட தீர்ந்துச்சு. இனிமே இவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.” பேராசிரியர் பக்கம் விரலை நீட்டினாள். “இப்ப இந்த ஆள் இவளுக்குப் பண்ணினதை விசாரிங்க. முடியற வரைக்கும் நான் எங்கயும் போகல.”

பதிவாளர் இரண்டு பக்கமும் திரும்பி உறுப்பினர்களைப் பார்த்தார். அவர்கள் தலையை ஆட்டினார்கள். பெங்குயின் எழுந்துபோனதில் எதிரே அந்தத் தனி நாற்காலி காலியாக இருந்தது.

“வாங்க சார்,” என்றார் பதிவாளர், பேராசிரியரிடம். “அதுல வந்து உக்காருங்க.”